ஏணிக்காலுக்கு அடியில்

நான் விழுந்த உயரம் 6 அடி. வலது மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. எக்ஸ்ரே எடுத்த பையன், "வண்டியில இருந்து விழுந்துட்டீங்களாண்ணா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "ஏணிங்க" என்றேன். "எத்தன அடிங்க?" என்றான். ஆறு என்றதும் அவன் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் இறங்கிப்போனது.

எங்கள் வீடு பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவில், தார் ரோட்டை விட்டு ஒரு இட்டேரிக்குள் திரும்பினால் வரும். கீழ்வீடு மட்டும்தான். மேலே மொட்டைமாடி, சுற்றிலும் கைப்பிடிச்சுவர். காற்றாலைக்காரர்கள் தேடிவந்த பூமி இது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்குச் சுவரில் செம்மண்ணை அப்பிவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழை வடக்குச் சுவரில் பாசியை ஏற்றிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கிப் போவதால் அந்தச் சுவருக்கு வெயிலே கிடைக்காது. ஆகவே பொங்கல் நோம்பிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் வீடு ஒரு பக்கம் சிவப்பாகவும் ஒரு பக்கம் கறுப்பாகவும் நிற்கும்.

போன மார்கழியில் பெயிண்ட் அடிக்க முடிவு செய்தோம். பெயிண்டர் அண்ணன் வந்து பார்த்து, கழுவித் தேய்க்க இவ்வளவு, அடிக்க இவ்வளவு என்று தனித்தனியாகக் கூலி சொன்னார். கழுவுகிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். மிச்சம் பிடிக்கிற இடம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மட்டும், "ஏணி இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டார். இருக்குதுங்க என்றேன்.

இருந்தது இரண்டு. ஒன்று தோட்டத்துச் சாளையில் கிடக்கும் மூங்கில் ஏணி. அப்பாரு கடைசியாகச் செய்ய வைத்தது, கல்மூங்கில். படி என்று சொல்லமாட்டார், பழு என்பார். மூங்கிலைத் தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. அது எப்படியோ, வெட்டிய மூங்கிலைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டது நல்ல யோசனை. அதில் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது, ஊறினால் அது கரைந்து போய்விடும். ஆனால் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எடுத்துத் தட்டினேன். ஒரு கணுவில் இருந்து மஞ்சள் மாவு கொட்டியது. திரும்பவும் அட்டாலியிலேயே போட்டுவிட்டேன். இந்த முழுக் கதையிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

இன்னொன்று நான் வாங்கிய அலுமினிய ஏணி. 10 அடியில் இரண்டு துண்டு, ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி நீளும். கடைக்காரர் இருபது அடி ஏணி என்றுதான் விற்றார். நானும் இருபது அடி என்றுதான் ஊருக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதுகிறவன் இந்தக் கணக்கை வாங்கும்போதே போட்டிருக்க வேண்டும். இரண்டு துண்டும் குறைந்தது 3 அடியாவது ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். அப்போது மிஞ்சுவது 17. சாய்த்து வைத்தால் சுவரில் எட்டுவது 16 அடியும் கொஞ்சமும். மாடியில் கால் வைத்து இறங்க வேண்டுமானால் ஏணி விளிம்பைத் தாண்டி 3 அடி மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிடித்துக்கொள்ள ஒன்றுமிருக்காது. அதையும் கழித்தால் 13 அடிச் சில்லறை. எங்கள் வீட்டில் தரை மேடை 2 அடி, தளம் 10 அடிக்கு மேல், கைப்பிடிச்சுவர் 3 அடி. இருபது அடி ஏணியை வைத்துக்கொண்டு என் சொந்த வீட்டு மொட்டைமாடிக்கு ஒழுங்காக ஏறி இறங்க முடியாது. மாடிக்கு உள்ளே படிக்கட்டு இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் ஏணி வாங்குகிறவர்கள் அட்டையில் போட்டிருக்கும் அடியைப் பார்க்க வேண்டாம். எந்த இடத்தில் நின்று வேலை செய்யப் போகிறோம் என்று பாருங்கள். சாய்ப்பு ஏணியில் மேலே இருக்கும் மூன்று படியும் நிற்பதற்கில்லை, கையால் பிடித்துக்கொள்ள. எடையும் ஒட்டியிருப்பார்கள். என்னுடையதில் 150 கிலோ என்று இருந்தது. நான் 84 கிலோ. 10 லிட்டர் எமல்ஷன் வாளி ஒன்று 14 கிலோ பக்கம் வரும். துணி, செருப்பு, பிரஷ் எல்லாம் சேர்த்தாலும் தாங்கும். என் ஏணி எடையால் விழவில்லை.

சரி, விழுந்த கதைக்கு வருகிறேன்.

வடக்குப் பக்கம் சன்ஷேடு மேலும் கீழும் பாசி. அதற்கு நேர் கீழே தண்ணீர்த் தொட்டி. ஏணிக்காலை வைக்க வேண்டிய இடத்தில் தொட்டி நின்றதால், காலை இன்னும் வெளியே இழுத்து டைல்ஸ் போட்ட தரையில் வைத்தேன். ஏணித்தலை 10 அடி உயரத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. கால் சுவரில் இருந்து 5 அடி தள்ளி. பார்க்க நன்றாகப் படுத்தாற்போல, ஏறுவதற்குச் சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததுதான் வினை. மச்சான் பையன் கீழே நின்று பிடித்துக்கொண்டான். ஒரு கையால். இன்னொரு கையில் போன்.

வாளியில் சோப்புத்தூளும் பிளீச்சிங் பவுடரும் கரைத்து, தேங்காய்நார் பிரஷால் தேய்த்தேன். பாசி கறுப்புக் கூழாகக் கழன்று வந்தது. அது கழன்று வருவதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது, செய்தவர்களுக்குத் தெரியும். கறுப்பு போய் உள்ளே பழைய மஞ்சள் தெரிய ஆரம்பித்ததும் நேரம் போனதே தெரியவில்லை. இடது ஓரத்தில் ஒரு முழம் மட்டும் பாக்கி. இறங்கி, ஏணியை நகர்த்தி, திரும்ப ஏறினால் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு இடுப்பை வளைத்து எட்டினேன்.

முதலில் ஒரு சத்தம். கிரீச் என்று, சிலேட்டில் ஆணி வைத்து இழுத்த மாதிரி. அது என்ன சத்தம் என்று யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது. யோசித்து முடிப்பதற்குள் சுவர் மேலே போனது. ஏணி சாயவில்லை, கவிழவில்லை. கால் பின்னால் ஓடிவிட்டது, தலை சுவரை உரசிக்கொண்டே இறங்கியது, நான் அதன்மேல் படுத்தவாக்கில் கூடவே வந்தேன். கையை ஊன்றினேன். அவ்வளவுதான்.

எழுந்து உட்கார்ந்தபோது தரையைப் பார்த்தேன். டைல்ஸ் முழுக்கக் கறுப்புக் கூழ். அரை மணி நேரமாக மேலே இருந்து நான் கழுவிவிட்ட பாசியும் சோப்புத் தண்ணீரும் சுவர் வழியே இறங்கி, தொட்டியைச் சுற்றி ஓடி, ஏணியின் இரண்டு காலுக்கு அடியிலும் போய்த் தேங்கியிருந்தன. நான் விழுவதற்கு வேண்டியதை மேலே நின்றுகொண்டு நானே தயாரித்துக் கீழே அனுப்பியிருக்கிறேன். ஏணியைத் திருப்பிப் பார்த்தால், ஒரு காலில் ரப்பர் தேய்ந்து அலுமினியம் பளபளவென்று தெரிந்தது. சிமெண்ட் தரையில் தரதரவென்று இழுத்துப் போனதன் பலன். கிரீச் சத்தம் அதுதான்.

அம்மா பொடக்காளியில் இருந்து ஓடிவந்தாள். "அந்தப் பாசி அங்கயே இருந்தா உனக்கென்னடா கண்ணு, சோறு எறங்காதா?" என்றாள். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

மூன்றாம் நாள் பெயிண்டர் அண்ணன் பார்க்க வந்தார். முப்பது வருடமாக ஏணியிலேயே இருக்கிறவர். கட்டைப் பார்த்தார், பிறகு வடக்குச் சுவரைப் போய்ப் பார்த்தார், ஏணியைத் திருப்பி அதன் காலைப் பார்த்தார். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. வந்து உட்கார்ந்து, "மேல இருக்கறவன் மேலதாங்க தம்பி பாப்பான். கீழ பாக்கறது ஏர்றதுக்கு முன்னாடியே பாத்துப்போடோணும்" என்றார். நான் கேட்காமலே மற்றதையும் சொன்னார். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நான்குக்கு ஒன்று என்பது அவர் கணக்கு. ஏணி சாய்கிற இடம் 12 அடி உயரம் என்றால் கால் சுவரில் இருந்து 3 அடி, 8 அடி என்றால் 2 அடி. என்னுடைய 10 அடிக்கு இரண்டரை அடி போதும். நான் வைத்ததோ அதைப்போல் இரண்டு மடங்கு. டேப் எடுத்துவந்து அளக்கச் சொல்லவில்லை அவர். ஏணிக்காலில் கால்விரல் படும்படி நேராக நின்று, இரண்டு கையையும் தோள் மட்டத்துக்கு நீட்ட வேண்டும். உள்ளங்கை படியில் சரியாகப் பதிந்தால் சாய்வு சரி. எட்டவில்லை என்றால் ஏணி அதிகம் படுத்திருக்கிறது, காலை வாரிவிடும். முழங்கை மடங்கினால் அதிகம் நிமிர்ந்திருக்கிறது, ஆளை மல்லாக்கத் தள்ளும். கட்டு பிரித்த பிறகு போய் நின்று பார்த்தேன். அன்றைக்கு நான் வைத்த இடத்தில் கையை நீட்டினால் படிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

தொட்டி குறுக்கே நின்றால்? "தொட்டிய நகத்தோணும், இல்லாட்டி அந்த எடத்துக்கு ஏணி ஆகாதுங்க." இடைப்பட்ட வழி எதுவும் அவரிடம் இல்லை.

எட்டிப் பிடிப்பதற்கு அவர் சொன்ன அளவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அரணாக்கயிற்று முடிச்சு ஏணியின் இரண்டு பக்கக் கம்புக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். முடிச்சு கம்பைத் தாண்டி வெளியே போனால், இறங்கி ஏணியை நகர்த்து. ஒரு சுவரை முடிப்பதற்குள் எத்தனை தடவை நகர்த்துவீர்கள் என்று கேட்டேன். "எண்ணறதில்லீங்க" என்றார். வேகமாக அடிக்கிறவன் நல்ல பெயிண்டர் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பிறகு அவர் எங்கள் வீட்டில் வேலை செய்தபோது கவனித்தேன். அடிக்கிற நேரத்தில் பாதி அளவாவது ஏறுவதும் இறங்குவதும் நகர்த்துவதும்தான். கூலி குறைக்கச் சொல்லி நாம் பேரம் பேசும்போது இந்தப் பாதியில்தான் கை வைக்கிறோம்.

தரைக்குத் தரை அவருக்கு வேறு வேறு ஏற்பாடு. டைல்ஸ், கிரானைட் என்றால் முதலில் துடைத்துக் காயவைத்து, பழைய டயர் ரப்பர் துண்டைப் போட்டு அதன்மேல் கால். வெறும் சாக்கு ஆகாது, வழவழப்பான தரையில் சாக்கோடு சேர்ந்து ஏணியும் போய்விடும். தோட்டத்து மண்ணில் அகலமான பலகை. தண்ணீர் பாய்ச்சிய மண்ணில் ஒரு கால் மட்டும் புதைந்தால் மேலே முழு அடி சாயும். மேடு பள்ளத்துக்குச் செங்கல் அடுக்கி ஏணி நிறுத்துவதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும், மேட்டைத்தான் கொத்த வேண்டும். ஏணித்தலையில் சாக்கைச் சுற்றுவார், அது சுவரில் கீறல் விழாமல் இருக்க. அப்புறம் நைலான் கயிற்றால் ஏணியை ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டுவார். கட்டும்வரை கீழே ஆள் பிடிக்க வேண்டும், இரண்டு கையாலும். பிடிக்கிறவன் போன் திண்ணையில் இருக்க வேண்டும். மழைத்தண்ணீர்க் குழாய்மேல் ஏணியைச் சாய்க்கவே மாட்டார். அதிகாலையில் ஏறவும் மாட்டார். மார்கழிப் பனி அலுமினியப் படியில் நீராக நிற்கும், எட்டு மணி வெயில் அதைக் குடித்த பிறகுதான் வேலை.

முதல் ஏற்றம் எப்போதும் வெறுங்கையோடு. சன்ஷேடுக்கு அடியில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறுவதில்லை. இரண்டு கால், ஒரு கை, அல்லது இரண்டு கை, ஒரு கால் எப்போதும் ஏணியில் இருந்தாக வேண்டும். வாளி பிறகு கயிற்றில் வரும், கொக்கியில் தொங்கும். கைலி கட்டிக்கொண்டு ஏறும் வழக்கத்தை அவர் விட்டுப் பல வருடம் ஆகிறதாம். பெருவிரலில் ஒருமுறை மாட்டியதோடு சரி.

வேலை நடந்த ஒரு நாள் மச்சான் பையன், போன் விவகாரத்துக்குப் பரிகாரமாகவோ என்னவோ, மிஞ்சிய பச்சை எனாமலை எடுத்துச் சாளையில் கிடந்த மூங்கில் ஏணிக்கு அடிக்க ஆரம்பித்தான். பெயிண்டர் அண்ணன் அங்கிருந்தே சத்தம் போட்டார். மூங்கிலுக்கும் மரத்துக்கும் பெயிண்ட் அடித்தால் வெடிப்பும் உளுத்த இடமும் மறைந்துவிடும். புதிது மாதிரி நின்று ஆளை ஏமாற்றும். வேண்டுமானால் எண்ணெய் பூசலாம், உள்ளே இருப்பது தெரியும். ஊரில் எல்லாச் சுவருக்கும் அடிக்கிறவர் வீட்டில் ஏணிக்கு மட்டும் பெயிண்ட் கிடையாது. பாதி பச்சையாக நின்ற எங்கள் ஏணியை அன்றைக்கே இரண்டாக வெட்டி அவரைக்கொடிப் பந்தலுக்குக் கொடுத்துவிட்டோம்.

கிழக்குச் சுவரை அவர் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தார். போஸ்ட்டில் இருந்து வரும் சர்வீஸ் வயர் அந்தப் பக்கம்தான் மாடியைத் தொடுகிறது. வெயிலில் வெடித்த பழைய உறை. "அலுமினிய ஏணிய வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போனா நீங்க கூலிய என் வீட்ல கொண்டுபோய்த்தான் குடுக்கோணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மின்வாரியத்தில் சொல்லி, ஆள் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகுதான் ஏறினார். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டே ஆளைக் கொல்லும். தோட்டத்து ஓரம் போகும் 11,000 வோல்ட் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை, மிக அருகில் போனாலே தாவிவிடும். 10 அடி தள்ளியே இருக்க வேண்டும். அந்தக் கம்பிக்குக் கீழே ஏணியை நிமிர்த்தித் தூக்கிப் போகவே கூடாது, படுக்கைவாட்டில் இரண்டு பேர் பிடித்துப் போக வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் பறிக்கிறவர்களிடம் உலோகத் தொரட்டியைப் பற்றிக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். மூங்கில் என்றால் பயமில்லை என்ற நினைப்பும் தப்பு, ஈர மூங்கில் கடத்தும். கம்பிப் பக்கத்து வேலை அடிக்கடி வரும் என்றால் கண்ணாடியிழை ஏணி வாங்கலாம். கனமும் விலையும் கூடத்தான். அதுவும் காய்ந்து சுத்தமாக இருந்தால்தான்.

மடக்கு ஏணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர்டிகோ மேற்கூரைக்கு நல்லது. முழுக்க விரித்துப் பூட்டிவிட்டு ஏற வேண்டும்; மடக்கிச் சுவரில் சாய்த்து ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். உச்சித்தட்டு உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. குழாய்க்குள் குழாயாக நுழையும் ஏணி காருக்குள் வைக்க வசதி. ஆனால் பெயிண்ட் சொட்டும் மண்ணும் குழாய்க்குள் போகும் வேலைக்கு நான் அதை வாங்கமாட்டேன்.

நண்பர் ஒருவர் பிரஷர் வாஷர் இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினால் பாசி பத்து நிமிடத்தில் போய்விடும் என்றார். தண்ணீர் முன்னால் பாய்கிற வேகத்தில் துப்பாக்கி மாதிரி ஆளைப் பின்னால் தள்ளும் அது. தரையில் நின்றால் ஒரு அடி பின்னால் வைத்துச் சமாளிக்கலாம். ஏணியில் பின்னால் வைக்க அடி ஏது? நீளக் குழாய் மாட்டித் தரையில் நின்று அடிக்கலாம், தாராளமாக.

இரண்டு மாடி வீட்டுக்காரர்களுக்கு ஏணிப் பேச்சே வேண்டாம் என்பது பெயிண்டர் அண்ணன் கட்சி, இப்போது என் கட்சியும். ஏணி ஏறி இறங்க, அரை மணி வேலை பார்க்க. நாள் முழுக்க நின்று அடிப்பதற்குச் சாரம் கட்ட வேண்டும், சவுக்குக் கம்போ வாடகை இரும்போ. தாழ்ந்த சுவருக்குக் கோக்காலி, அதாவது ஏறி நிற்கும் உயர முக்காலி, போதும். சாரத்துக்கு ஆகும் செலவைப் பார்த்து, ஏணியிலேயே ஒப்பேற்றச் சொல்லி பெயிண்டரை நெருக்குகிற வீட்டுக்காரர்கள் உண்டு. நானும் நெருக்கியிருப்பேன், முன்பு. பெயிண்டர் அண்ணனுக்குக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறது. 1994-இல் வந்த வாரியம் அது, பெயிண்டர்களும் பதியலாம். கூட வந்த இளவட்டங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. பதியச் சொல்லிக் காகிதங்களை நானே எழுதிக்கொடுத்தேன், இடது கையால், கோழிக் கிறுக்கலாக.

வேலை போகிக்கு முந்தின நாள் முடிந்தது. கழுவுகிற கூலியையும் சேர்த்துத்தான் கொடுத்தேன், ஆஸ்பத்திரிச் செலவு தனி.

போகியன்று சாயங்காலம் காப்புக் கட்ட வேண்டும். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்துக் கட்டிய கொத்தை வாசல் சன்ஷேடு ஓரத்தில் இருக்கும் கொக்கியில் செருகுவது வருடாவருடம் என் வேலை. அந்த ஏணியை நான் வாங்கியதே பாதி அதற்காகத்தான். ரப்பர் மாற்றிய ஏணி திண்ணை ஓரத்தில் நின்றது. கட்டுப்போட்ட கையோடு அதைப் பார்த்தேன். மச்சான் பையனைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா முருங்கைக்காய் பறிக்கும் மூங்கில் தொரட்டியை எடுத்துவந்தாள். நுனியில் கொத்தை மாட்டி, தரையில் நின்றபடியே தூக்கி, கொக்கியில் போட்டு ஒரு சுண்டு சுண்டினாள். கொத்து நின்றது.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமில்லம்மா?" என்றேன்.

"நீதான ஏணி வாங்கிட்டு வந்த" என்றாள்.